பேர் ஏறியாச்சு

...அப்படி என்னதான் எழுதி வெச்சிருப்பாங்க, ஒரு வரியா, ஒரு பக்கமா, இல்ல நூல் கட்டின ஒரு கட்டா, போட்டோ எடுத்த ஞாபகம் இல்லையே, எடுத்திருந்தா அன்னிக்குப் போட்டிருந்த கோடு போட்ட சட்டையோடதான் எடுத்திருப்பாங்க, அக்கா வாங்கிக் கொடுத்த சட்டை, ரெண்டாவது பொத்தான் தெறிச்சுப்போய் நெஞ்சு தெரிய நின்னிருப்பான், பார்க்கிறவங்க இவன் ரவுடிதான்னு அடிச்சுச் சொல்லிடுவாங்க... டோக்கனை விரலிடுக்குல வெச்சு உருட்டிக்கிட்டே அவன் இப்படி யோசிச்சுக்கிட்டிருந்தான். உட்கார்ந்திருந்த இடம் கோர்ட்டுக்குப் பின்பக்கம் இருக்கிற பதிவறை ஆபீஸ். ஒரே கம்பியில கோத்த இரும்பு நாற்காலி வரிசை, ஒருத்தர் எழுந்தா மத்தவங்க எல்லாரும் ஒரு குலுங்கு குலுங்கணும். மூணு ஜன்னல், ரெண்டு மூடியிருக்கு. தலைக்கு மேல ஃபேன் சுத்துதா நிக்குதான்னு அதுக்கே தெரியல, காயில் நல்லாத்தான் இருக்கு, கெபாசிட்டர்தான் செத்துப்போச்சு, ஒரு ஸ்டூல் கொடுத்தா அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடலாம், சும்மா இருடா, நீ இங்க ஃபேன் ரிப்பேருக்கா வந்திருக்கே? மோட்டார் காயில் கட்டிக் கட்டியே நாற்பதைத் தாண்டினவன், இன்னிக்கு வந்திருக்கிறது தன்னோட குற்றப் பதிவைத் தானே பார்க்கிறதுக்கு.

பார்க்கிறதுக்குன்னா சும்மா வேடிக்கை பார்க்க இல்ல. பள்ளிக்கூட பஸ் ஓட்டுற வேலை ஒண்ணு கைக்கு எட்டுற தூரத்துல நிக்குது. நேத்து மேனேஜர் ஓட்டிக் காட்டச் சொன்னாரு, பட்டறை வண்டியில மோட்டாரும் பம்பும் ஏத்திக்கிட்டு சந்து பொந்தெல்லாம் வளைச்ச கை, அந்தப் பெரிய ஸ்டியரிங்கைப் பிடிச்சதும் உள்ளுக்குள்ள ஏதோ குளிர்ந்துபோச்சு, காலியான சீட்டெல்லாம் கண்ணாடியில தெரிய, இதுல குட்டிப் பசங்க கத்திக்கிட்டு வந்தா எப்படி இருக்கும்னு நினைச்சதும் சிரிப்பு வந்துடுச்சு, நல்லா ஓட்டுறீங்க, உங்க பேர்ல எந்தக் கேஸும் இல்லைன்னு மட்டும் ஒரு தாள் வாங்கிட்டு வந்துடுங்க, நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள வேணும், அடுத்த ஆள் ரெடியா இருக்காருன்னாரு. அங்கதான் சிரிப்பு நின்னுச்சு. எப்பவும் இந்த இடத்துல அவன் ஒதுங்கிடுவான், சொல்லி வெச்ச மாதிரி வயித்து வலியோ வேற வேலையோ வந்துடும். மின்சார ஆபீஸ்ல ஆள் எடுத்தப்போ அப்படித்தான், மச்சினன் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டப்போ பாஸ்போர்ட்டே வேணாம்னதும் அதுக்குத்தான், பின்ன, உனக்குத்தான் போலீஸ்ல பேர் ஏறியிருக்கே, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போய்க் கேப்பே? நேத்து ராத்திரிதான் பொண்டாட்டிகிட்ட வாயைத் திறந்தான், கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு. அவ பாத்திரத்தை அப்படியே வெச்சுட்டு அவனையே பார்த்தா, இதுக்கா பாஸ்போர்ட் வேணாம்னீங்க, நான் என்னமோ பொம்பள விவகாரம்னு நினைச்சு எத்தனை நாள் உங்க சட்டைப்பையைத் துழாவியிருக்கேன் தெரியுமா, அட கடவுளே, போய்க் கேளுங்க, கேட்டா என்ன தலையையா எடுத்துடுவாங்கன்னா. அது என்னவோ நியாயமாத்தான் பட்டுச்சு.

அப்படி என்ன பண்ணித் தொலைச்சான்? இருபத்தொரு வயசு, புதுப்படம், டிக்கெட் கவுன்டர்ல தள்ளுமுள்ளு, யாரோ யாரையோ அடிக்க கண்ணாடி நொறுங்கிப்போச்சு, அவன் உடைச்சானா? கை பட்டுச்சு, பட்டது அவன் கைதானா, பின்னால இருந்து தள்ளின தள்ளுல யார் கை எங்க இருந்துச்சுன்னு இன்னிக்கும் அவனுக்குத் தெரியாது. வேன்ல ஏத்தினாங்க, ஏழெட்டுப் பேர். ஸ்டேஷன்ல சுவரோரமா பெஞ்சு, ஒரு ஏட்டு மேஜையில குனிஞ்சு எழுதிக்கிட்டே இருந்தாரு, அந்தப் பேனா சத்தம் மட்டும் காதை விட்டுப் போகவே இல்ல, கரகர, கரகர. பொழுது சாயுற நேரத்துல அத்தான் வந்தாரு. அக்கா புருஷன், பட்டறைக்காரர், யார்கிட்டயும் தலை குனியாத மனுஷன், அன்னிக்குக் கையில துண்டை வெச்சுக்கிட்டு உள் அறைக்குள்ள போனாரு, ரொம்ப நேரம் கழிச்சு வெளிய வந்து, வாடான்னாரு. அவ்வளவுதான். மொபெட்ல வர்றப்போ பாதி வழியில முகத்தைத் திருப்பாமலே சொன்னாரு, பேர் ஏறியாச்சுடா. இனிமே நீ வேற எங்கயும் போய் நிக்க முடியாது. நம்ம பட்டறைக்கே வந்துடு, நான் பார்த்துக்கறேன். அந்த 'நான் பார்த்துக்கறேன்'ல அவன் உடைஞ்சு அழுதான், அத்தான் முதுகுல முகத்தை வெச்சுக்கிட்டு, வண்டிச் சத்தத்துல கேக்காதுன்னு நினைச்சுக்கிட்டு.

காலையில முதல்ல அதே ஸ்டேஷனுக்குத்தான் போனான், கட்டடமே மாறிப்போச்சு, பெஞ்சைக் காணோம், டீ குடிச்சுக்கிட்டிருந்த ஒரு பொம்பளைப் போலீஸ், அவன் தொண்டையைச் செருமிக்கிட்டு என் மேல பழைய கேஸ் ஒண்ணு இருக்குங்க, அதைப் பார்க்கணும்னு ஆரம்பிச்சதும், வாரன்ட் எதுவும் இருக்காண்ணேன்னு காய்கறி விலை கேக்கிற மாதிரி கேட்டா. இல்லம்மா, பழசு. அப்போ கம்ப்யூட்டர்ல இருக்காது, உங்க காலத்து ரிஜிஸ்டர் எல்லாம் கோர்ட்டுப் பதிவறைக்குப் போயாச்சு, கேஸ் போட்டிருந்தா அங்க இல்லாம போகாது, உங்க பதிவை நீங்களே கேக்கலாம், அடையாள அட்டை எடுத்துக்கிட்டுப் போங்க, எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும் தேடணும்னு எழுதணும், அப்போ எந்த விலாசத்துல இருந்தீங்கன்னும் கேப்பாங்கன்னா. அவ்வளவுதானா? இவ்வளவு நாளா நடுங்கி நடுங்கி அந்தத் தெருவையே சுத்திக்கிட்டுப் போனானே, சைக்கிள்ல போறப்போகூட எதிர்ப்பக்கமாத்தானே போவான், உள்ள போனா டீ க்ளாஸைக் கீழ வைக்காமலே வழி சொல்லி அனுப்புறாங்க! பயம் போன இடத்துல ஒரு குறுகுறுப்பு வந்து உட்கார்ந்துக்கிச்சு. என்னதான் எழுதியிருப்பாங்க? 'கண்ணாடியை உடைத்தார்'னா, 'உடைக்கத் துணை நின்றார்'னா, 'உயரம் சராசரி, இடது புருவத்தில் தழும்பு'ன்னு அடையாளம் எல்லாம் இருக்குமா? சொல்லப்போனா அவனைப் பத்தி இந்த உலகத்துல யாராவது எழுதி வெச்சிருக்காங்கன்னா அது ஒண்ணுதான், அதையும் அவன் படிச்சதில்ல.

நாற்காலி வரிசை குலுங்கிச்சு, அவனுக்கு முன்னால இருந்த பெரியவர் எழுந்து ஜன்னலுக்குப் போயிட்டாரு. இஸ்திரி போட்ட சட்டை, கையில ஒரு பையனோட போட்டோ. விஷயம் என்னன்னா பொண்ணைக் கட்டப்போறவன் எப்படிப்பட்டவன்னு தெரியணுமாம். உள்ள இருந்த அம்மா, மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டுக்கிட்டு, சார், அடுத்தவங்க பதிவை அவங்க கையெழுத்து இல்லாம தர முடியாதுன்னாங்க. அவர் விடுவாரா, நான் அடுத்தவன் இல்லம்மா, மாமனார் ஆகப்போறவன்னாரு. ஆனதுக்கப்புறமும் கையெழுத்து வேணும் சார்னாங்க அந்தம்மா. வரிசையில எல்லாரும் சிரிச்சுட்டாங்க, அவனும் சிரிச்சான், சிரிச்ச கையோட ஒரு கேள்வி வந்து முட்டிச்சு, அப்போ அவனவன் பதிவை அவனவன் கேட்டா உடனே கொடுத்துடுவாங்கல்ல? அவன் ஏன் கேக்கல? இருபது வருஷத்துக்கு மேல ஆச்சே, ஒரு நாள்கூடவா ஒழியல? பல்லு வலின்னு இன்னிக்கு அத்தான்கிட்ட ஒரு பொய்யைச் சொல்லிட்டு வந்த மாதிரி என்னிக்கு வேணாலும் வந்திருக்கலாமே... டோக்கனைக் கூப்பிட்டாங்க.

அந்தம்மா கேள்வி மேல கேள்வி கேட்டாங்க, ஃபாரத்துல டிக் அடிக்க அடிக்கக் கேட்டாங்க. அப்பா பேரு, அப்போ இருந்த விலாசம், வேற பேர்ல யாராவது கூப்பிடுவாங்களா, எந்த வருஷம். வருஷம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும் மேடம், அக்காவோட மூத்த பொண்ணு பொறந்த வருஷம்னு மட்டும் தெரியும்னான், சரி, முன்னால ரெண்டு பின்னால ரெண்டு சேர்த்துப் பார்த்துடலாம்னாங்க. ஜாமீன்ல விட்டாங்களா? தெரியல மேடம், அத்தான் வந்து கூட்டிட்டுப் போனாரு. கோர்ட்டுக்கு எத்தனை தடவை வந்தீங்க? கோர்ட்டுக்கா... வரலையே. ஒரு தடவைகூடவா? பேனா அங்கயே நின்னுச்சு, அந்தம்மா கண்ணாடியைக் கீழ இறக்கி அவனை ஒரு பார்வை பார்த்தாங்க. கைரேகை எடுத்தாங்களா? எடுத்தாங்க மேடம், இதுல அவனுக்குச் சந்தேகமே இல்ல, விரலெல்லாம் கறுப்பா இருந்துச்சு, வீட்டுக்குப் போய் அக்கா சோப்பைக் கொடுத்தும் போகல, ரெண்டு நாள் நகக்கண்ல இருந்துச்சு, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவன் ராத்திரி தூங்காம கிடந்தான். பத்து விரலுமா, கட்டை விரல் மட்டுமா? பத்தும்... இல்ல, வலது கை... உள்ளங்கையிலகூட இருந்துச்சு மேடம். உள்ளங்கையிலயா? அந்தம்மா வேற ஒண்ணும் கேக்கல, உட்காருங்க, உள்ள போய்ப் பார்த்துட்டு வரேன்னு சாவியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

உள்ளங்கையில யாராவது மை தடவுவாங்களா? நாற்காலியில வந்து உட்கார்ந்தவன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், இப்ப அதுல வார்னிஷ் கறைதான் இருக்கு, செம்புக்கம்பி கிழிச்ச கோடு இருக்கு. வழியில மொபெட் நின்னுச்சே... ஆமா, பேர் ஏறியாச்சுன்னு அத்தான் சொல்றதுக்கு முன்னால, பாலத்துக்கு இந்தப் பக்கம், செயின் கழண்டு போச்சுன்னு அத்தான் இறங்கி முறைச்சுக்கிட்டு நின்னாரு, அவன்தான் ரோட்டுல குத்தவெச்சு உட்கார்ந்து செயினை மாட்டினான், கை பூரா கிரீஸ், துடைக்கத் துணி இல்லாம செடியில துடைச்சான், அடப்பாவி, அந்தக் கறுப்பா இந்தக் கறுப்பு? இத்தனை வருஷமா செயின் கிரீஸையா கைரேகை மைன்னு நினைச்சுக்கிட்டிருந்தே? இல்ல, ரெண்டும் இருந்திருக்கலாம், மையும் இருந்திருக்கும் மேல கிரீஸும் பட்டிருக்கும், ஒரு மேஜை, ஒரு பலகை, யாரோ விரலைப் பிடிச்சு உருட்டினாங்க... உருட்டினாங்களா? அது சினிமால பார்த்ததா? ஞாபகத்தை இழுக்க இழுக்க அந்தக் கரகர பேனா சத்தமும் அத்தானோட முதுகும்தான் வந்துச்சு. உள்ளயிருந்து இரும்பு பீரோ திறக்கிற சத்தம், தும்முற சத்தம், ஒரு கட்டைத் தொப்புன்னு போடுற சத்தம், அதுல ஏதோ ஒரு பக்கத்துல இருபத்தொரு வயசுப் பையன் ஒருத்தன் பொத்தான் இல்லாத சட்டையோட உட்கார்ந்திருக்கான், இப்ப வெளிய வரப்போறான், வந்தா என்ன பண்றது, பஸ் வேலை போச்சு, பரவாயில்ல, பார்த்தாவது பார்த்துடலாமே. கிடைக்கணுமா கிடைக்கக் கூடாதான்னு அவனுக்கே விளங்கல.

வந்தது அந்தம்மா மட்டும்தான், தலையில தூசி. இல்லைங்கன்னாங்க. என்ன இல்ல? உங்க பேர்ல எதுவும் இல்ல, அஞ்சு வருஷமும் பார்த்துட்டேன், எஃப்.ஐ.ஆர் இல்ல, கேஸ் இல்ல, அபராதம் இல்ல. நியாயமா அவன் அங்கயே குதிச்சிருக்கணும், காலண்டர்ல இருந்த சாமியைக் கும்பிட்டிருக்கணும், அவன் என்ன பண்ணான்னா, ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, மேடம், நல்லாப் பாருங்க, இருக்கும்னான். இருக்காதுங்க. இல்ல மேடம், பேர் ஏறியாச்சுன்னு சொன்னாங்க, கண்ணாடி உடைஞ்சது, தியேட்டர்ல, ஏழெட்டுப் பேரு, ஒரு ஏட்டு எழுதிக்கிட்டே இருந்தாரு. எழுதியிருப்பாருங்க, அன்னிக்கு யார் யாரைக் கூட்டிட்டு வந்தோம்னு எழுதியிருப்பாரு, கூட்டிட்டு வந்து உட்கார வெச்சு, திட்டி, வீட்டு ஆளுங்களை வரச்சொல்லி அனுப்பிடுவாங்க, அதெல்லாம் கேஸ் ஆகாது, அந்தத் தாளெல்லாம் எப்பவோ கழிச்சுக் கட்டியிருப்பாங்க. வேற எங்கயாவது இருக்குமா மேடம், பெரிய ஆபீஸ்ல? அந்தம்மாவுக்குப் பொறுமையும் போச்சு சிரிப்பும் வந்துடுச்சு. அண்ணே, இங்க வர்றவங்க எல்லாம் இருக்கறதை இல்லைன்னு எழுதிக் கொடுங்கன்னு உயிரை எடுப்பாங்க, நீங்க என்னடான்னா இல்லாததை இருக்குன்னு தேடச் சொல்றீங்க, உங்களுக்கு என்னதான் வேணும்? அவனுக்கு மூஞ்சி சூடாயிடுச்சு. பின்னால இருந்தவங்க எல்லாம் பார்க்கிறாங்க. ஒண்ணுமில்ல மேடம், தாள் கொடுங்கன்னான்.

தாள்ல ரெண்டே வரி, மேற்படி விவரங்களின்படி தேடியதில் பதிவு ஏதும் காணப்படவில்லை, கீழ ஒரு முத்திரை. இதுல நான் நல்லவன்னு போடலியே மேடம்னு கேட்டுட்டு, கேட்டிருக்கக் கூடாதுன்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டான். நாங்க தேடினதைத்தாங்க எழுத முடியும், மத்ததெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்னு சொல்லிட்டு அந்தம்மா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாங்க. படியிறங்கி வந்து மரத்தடியில வண்டிங்க நிக்கிற இடத்துல நின்னான், தாளை மடிச்சான், பிரிச்சான், திரும்பப் படிச்சான், சந்தோஷமாத்தான் இருந்துச்சு, அழுகையாவும் இருந்துச்சு, கோவமும் வந்துச்சு, ஆனா யார் மேல? அந்த உள் அறை அதிகாரி மிரட்டி வைக்கிறதுக்காக அத்தான்கிட்ட அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கலாம், அத்தானும் அதை நம்பி வந்து சொல்லியிருக்கலாம். இல்ல, அதிகாரி கூட்டிட்டுப் போங்கன்னு மட்டும் சொல்லியிருக்கலாம், மிச்சத்தை அத்தான் மொபெட்ல வர்ற வழியில சேர்த்திருக்கலாம், அந்த வருஷம்தானே பட்டறையில ஆள் ஓடிப்போச்சுன்னு அல்லாடிக்கிட்டிருந்தாரு? சீ, அப்படி நினைக்காதே. சம்பளத்துல ஒரு நாள் பாக்கி வெச்சிருக்காரா, அப்பா போனப்போ காரியம் எல்லாம் யார் பண்ணது, கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்தது யாரு, அவனுக்கு ஜுரம்னா பட்டறையை மூடிட்டு வந்து உட்கார்ந்திருந்தவராச்சே. அப்படிப்பட்டவர் பொய் சொல்வாரா, அப்படிப்பட்டவர்தான் சொல்வாரோ... அத்தானை விடு, நீ ஏன் கேக்கல? போனா தெரிஞ்சிருக்கும்ல? தெரிஞ்சிருந்தா மின்சார ஆபீஸ்ல பரீட்சை எழுதியிருக்கணும், ஃபெயில் ஆயிருந்தா? மச்சினனோட போயிருக்கணும், அங்க தாக்குப்பிடிக்க முடியலைன்னா? பேர் ஏறியிருக்குங்கிறது எவ்வளவு வசதியா இருந்துச்சு, எதுக்கும் போகாம இருக்க, எல்லாத்துக்கும் ஒரே பதில். இந்த நினைப்பு வந்ததும் அவனுக்கு வெக்கமா போச்சு, யாரும் பார்க்கலைன்னாலும் ஒரு தடவை சுத்திப் பார்த்துக்கிட்டான்.

சட்டைப்பையில போன் அடிச்சுது, அத்தான். எடுத்ததும் பின்னால பட்டறைச் சத்தம், புதுசா கட்டின மோட்டாரை டெஸ்ட்டுக்கு ஓட விட்டிருக்காரு, அந்த ரீங்காரத்தை வெச்சே பேரிங் கொஞ்சம் இறுக்கமா இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சுடுச்சு. என்னடா, பல்லைப் பிடுங்கியாச்சா, வாயைத் திறக்க முடியுதான்னு சத்தமா கேட்டாரு, நக்கல்தான், பாசமும்தான். ஆச்சு அத்தான்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோச்சு, வாய்வரைக்கும் வந்துடுச்சு. பல் டாக்டர்கிட்ட போகல அத்தான். பின்ன? கோர்ட்டு ஆபீஸ்ல இருக்கேன், பதிவறையில, அந்தப் பழைய தியேட்டர் விஷயம்... என் பேர்ல என்ன இருக்குன்னு பார்க்க வந்தேன். மோட்டார் சத்தம் மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் அதுவும் இறங்கி இறங்கி நின்னுடுச்சு. டெஸ்ட்ல போட்ட மோட்டாரை நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான், யார் செத்தாலும் நிறுத்த மாட்டாரு.

இருந்துச்சா? அத்தான் கேட்டது அவ்வளவுதான். எதுக்குடா அங்க போனேன்னு கேக்கல, என்கிட்ட சொல்லாம போனியான்னு கத்தல, என்ன விஷயம்னுகூட கேக்கல. சின்னக் குரல்ல, பக்கத்துல யாருக்கும் கேட்டுடக் கூடாதுங்கிற மாதிரி, இருந்துச்சா. அவன் போனைக் காதோட அழுத்திக்கிட்டான். இது பொய் சொன்னவர் மாட்டிக்கிட்டோமான்னு கேக்கிற கேள்வியா, இல்ல அன்னிக்கு அந்த அறைக்குள்ள எவனோ சொன்னதை அப்படியே நம்பி, நிஜமா பொய்யான்னு தெரியாமலே இவனைக் கூடவே வெச்சுக் காப்பாத்தினவர் கேக்கிறதா? குரல் நடுங்குற மாதிரி இருக்கே, அது பயமா, வயசா? இல்லை அத்தான்னு சொல்லிட்டா அவர் மூஞ்சி எப்படிப் போகும்னு பார்க்கணும்னு இருந்துச்சு, பார்க்கவே கூடாதுன்னும் இருந்துச்சு. இருந்துச்சு அத்தான், நீங்க சொன்ன மாதிரியேன்னு சொல்லிட்டாகூட அவர் நிம்மதியாயிடுவாரோ... டேய், கேக்குதா, இருந்துச்சாடா? கேக்குது அத்தான், முதல்ல பள்ளிக்கூடத்துக்குப் போய் இந்தத் தாளைக் கொடுத்துட்டு நேர்ல வரேன், வந்து சொல்றேன்னு வெச்சுட்டான். பள்ளிக்கூடமான்னு அவர் ஆரம்பிச்சது பாதியில அறுந்துபோச்சு. தாளை நாலா மடிச்சுப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான். உள்ள குறுகுறுப்பு இன்னும் அடங்கல, ஆனா அது இப்போ அந்த இருபத்தொரு வயசுப் பையனைப் பத்தி இல்ல. அன்னிக்குப் பாலத்துக்கிட்ட தான் குத்தவெச்சு செயின் மாட்டிக்கிட்டிருந்தப்போ, தலைக்கு மேல நின்னுக்கிட்டிருந்த அத்தான் என்ன யோசிச்சுக்கிட்டிருந்தாரு? அதை எந்த ஜன்னல்ல போய்க் கேக்கிறதுன்னு அவனுக்குத் தெரியல.